ஒரு பேரெண்ணும் விடுபட்ட ஓர் எண்ணும்



இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண். அதை முதலில் வாசித்துவிடுகிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 6746328388800. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட எண். நம் வழக்கப்படி சொல்வதானால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

இவ்வெண் 1915ஆம் ஆண்டில் லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் இறுதி வரியாக நிற்கிறது. கட்டுரையின் ஆசிரியர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவரின் புதல்வர்; 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தவர்; 1914 மார்ச் 17 அன்று கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தவர். அங்கே சென்ற பின் அவர் வெளியிட்ட பெருங்கட்டுரை இது. அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் வழங்கியதற்கு ஆதாரமாக அமைந்ததும் இதுவே.

ராமானுஜன் என்றவுடன் நம்மவர் யாவருக்கும் நினைவுக்கு வருவது 1729 என்ற எண். மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வாடகை வண்டியில் வந்ததும், அவ்வண்டியின் எண்ணைப் பற்றி அவ்விருவரும் பேசியதும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதை மீண்டும் சொல்ல நான் வரவில்லை. நான் கணிதம் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். எனினும் பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் மறவாத எவரும் இந்தப் பேரெண்ணின் உள்ளே நுழைந்து பார்க்க முடியும். அவ்வாறு பார்ப்பதற்கு உங்களையும் அழைத்துச் செல்வதே இப்பேச்சின் நோக்கம்.

மொழிபெயர்ப்பாளன் ஓர் எண்ணைக் கண்டவுடன் முதலில் கவனிப்பது அதன் பெயரை. இதே எண்ணை இந்தியில் சொல்வோர் அறுபத்தேழு கரப், நாற்பத்தாறு அரப், முப்பத்திரண்டு கரோட் என்று தொடங்குவர். ஆங்கிலத்தில் ஆறு டிரில்லியன், எழுநூற்று நாற்பத்தாறு பில்லியன் என்று போகும். நாமோ கோடிக்கு மேல் தனிப்பெயர் நாடாமல், லட்சம் கோடி என்று கோடியையே அடுக்கிக்கொண்டு செல்கிறோம். இத்தொகை எத்துணைப் பெரிது என்று அறிய ஓர் ஒப்பு வேண்டுமானால், 2025-26ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். நம் எண் அதற்குச் சற்றே குறைவு. நாட்டின் பாதுகாப்புச் செலவை ஒவ்வொரு ரூபாயாக எண்ணினால் எவ்வளவு வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

டெல்லியில் வளரும் நம் குழந்தைகளிடம் 'உன்சட்' என்று சொன்னால் உடனே ஐந்தும் ஒன்பதும் எழுதிவிடுவார்கள். 'ஐம்பத்தொன்பது' என்று சொன்னால் ஒரு கணம் தயங்குவார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களுக்கும் இந்த அனுபவம் புதிதன்று. எண்களின் பெயர்கள் மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஓர் எண்ணின் குணம் மாறாது. 12 என்பதை பாரஹ் என்றாலும், பன்னிரண்டு என்றாலும், டஜன் என்றாலும் அதை மூவர்க்கும் நால்வர்க்கும் மீதமின்றிப் பங்கிடலாம். ஐவர்க்குப் பங்கிட முடியாது. இந்தக் குணத்தைத்தான் ராமானுஜன் ஆராய்ந்தார்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணை அதன் வகுத்தி என்போம். பன்னிரண்டின் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. அதற்கு முந்திய 11க்கும் அடுத்து வரும் 13க்கும் இரண்டிரண்டு வகுத்திகளே உள்ளன. பன்னிரண்டுக்குக் குறைந்த எண்களில் எதற்கும் நான்குக்கு மேல் வகுத்தி இல்லை. ஆகவே, பன்னிரண்டு தனக்கு முந்திய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கிறது. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் உள்ளதைவிட மிகுதியான வகுத்திகளைப் பெற்றிருக்கும் எண்ணுக்கு ராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். அதைத் தமிழில் 'மிகு பகு எண்' என்று வழங்கலாம். பகா எண் என்பது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது. மிகு பகு எண் என்பது அதற்கு நேர்மாறான கோடியில் நிற்பது.

இவ்வரிசையின் தொடக்கத்தைக் கேளுங்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360. இவற்றுள் பல நம் அன்றாட வாழ்வில் இடம் பெற்றவை. ஆண்டுக்கு 12 மாதங்கள், இராசிகளும் 12. நாளுக்கு 24 மணி. நம் முன்னோர் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, ஆண்டுகளின் சுற்றும் 60. வட்டத்துக்கு 360 பாகை. டெல்லி கன்னாட் பிளேஸுக்கு அருகே, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்சிங் மன்னர் எழுப்பிய ஜந்தர் மந்தரைக் காணச் செல்வோர், பாகைக் கோடுகளைப் பார்த்திருப்பார்கள். காலத்தையும் வானத்தையும் அளக்கப் புகுந்த மக்கள், எளிதாகப் பகுக்கக்கூடிய எண்களையே நாடிச் சென்றார்கள் என்பது இதனால் விளங்கும்.

நாணயத்திலும் இதைக் காணலாம். பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்றாயிற்று. கணக்கு எழுதுவது எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் 192க்கு 14 வகுத்திகள் உண்டு, 100க்கு ஒன்பதுதான். ஒரு ரூபாயை மூவர் பங்கிட்டால் முன்பு ஆளுக்கு 64 பை, அதாவது ஐந்தணா நாலு பை, சரியாக வரும். நூறு காசை மூவர் பங்கிட்டால் ஒரு காசு மிஞ்சி நிற்கும்.

நாம் புனிதமாகக் கருதும் 108 இந்த வரிசையில் உண்டா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அதற்கு 12 வகுத்திகள். அதே பன்னிரண்டு வகுத்திகள் அதைவிடச் சிறிய அறுபதுக்கே கிடைத்துவிடுகின்றன. 1008க்கு 30 வகுத்திகள். 720க்கும் அவ்வளவே உண்டு. இதனால் 108இன் பெருமை குறைந்துவிடாது. அது வேறு காரணத்தால், 27 நட்சத்திரங்களுக்கு நான்கு நான்கு பாதங்கள் என்ற கணக்கால், வானநூலில் இடம் பெற்ற எண்.

சரி, சிறிய எண்ணின் வகுத்திகளை விரல்விட்டு எண்ணலாம். பதின்மூன்று இலக்க எண்ணின் வகுத்திகளை எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தொடங்கினால் ஆயுள் போதாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும். 12 என்பது இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் பெருகியது. அதன் வகுத்தி ஒன்றை உருவாக்க வேண்டுமானால், இரண்டை எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழிகள். மூன்றை எடுக்காமல் விடலாம், அல்லது எடுக்கலாம். ஆக இரண்டு வழிகள். மூன்றும் இரண்டும் பெருகி ஆறு. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டி, அவ்வாறு கிடைத்தவற்றையெல்லாம் பெருக்கினால், வகுத்திகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். விதி இவ்வளவே.

இனி, குறைந்த பொருட்செலவில் நிறைய வகுத்திகள் வேண்டுமானால் என்ன செய்வது? சிக்கனமான குடும்பத் தலைவி போல யோசித்தால் விடை தானே வரும். சிறிய பகா எண்களை மிகுதியாகவும், பெரியவற்றைக் குறைவாகவும் சேர்க்க வேண்டும். 18 என்பது ஓர் இரண்டும் இரு மூன்றுகளும், வகுத்திகள் ஆறு. அதையே மாற்றி இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் ஆக்கினால் 12 கிடைக்கிறது. அதற்கும் வகுத்திகள் ஆறே. அதே பயனைக் குறைந்த விலையில் தந்ததால் பன்னிரண்டு வென்றது. ஆகவே, மிகு பகு எண்ணில் பகா எண்கள் இரண்டிலிருந்து தொடங்கி இடைவெளியின்றி வரிசையாக வரும். ஒவ்வொன்றும் வரும் தடவைகள் மேலே போகப் போகக் குறையுமேயன்றிக் கூடா. கடைசிப் பகா எண் ஒருமுறை மட்டுமே வரும். கடைசி விதிக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள் விலக்கு. இவை ராமானுஜன் நிறுவிய உண்மைகளுள் எளியவை.

கும்பகோணத்தில் அவர் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கிறது. தெருக்கோடியில் கோபுரம். கீழ்நிலை அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகி, ஒரு நிலையும் விடுபடாமல் உயரும் அந்த அமைப்பை நினைத்துக்கொண்டால், மிகு பகு எண்ணின் அமைப்பை மறக்க முடியாது.

இப்போது நம் பேரெண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 6746328388800 என்பது ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், பின்னர் 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொன்றும் ஒருமுறை, இவை அனைத்தும் பெருகிய எண். ஒன்பது நிலைக் கோபுரம் என்று சொல்லலாம். ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, அதன்பின் ஐந்து இரண்டுகள். 7ஐ 5ஆல் பெருக்க 35. இருமுறை மூன்றால் பெருக்க 315. அதை 32ஆல் பெருக்க 10080. ஆம், இந்த எண்ணுக்கு 10080 வகுத்திகள் உள்ளன. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்களோ அத்தனை. நிமிடத்துக்கு ஒரு வகுத்தியாகச் சொல்லிக்கொண்டு போனால், ஞாயிறு நள்ளிரவில் தொடங்கி அடுத்த ஞாயிறு நள்ளிரவில்தான் முடிப்போம். அவற்றுள் ஒற்றைப்படை வகுத்திகள் மட்டும் 1440. அதாவது ஒரு நாளின் நிமிடங்கள்.

இதனுடன், நாம் 'முழுத் தொகை' என்று கருதும் ஒரு லட்சம் கோடியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றும் பன்னிரண்டு சுழியங்களும் கொண்ட அந்த எண்ணில் இரண்டும் ஐந்தும் தவிர வேறு பகா எண் இல்லை. வகுத்திகள் பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கிய 169 மட்டுமே. கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றும் எண் பங்கீட்டுக்கு அவ்வளவாக இடங்கொடாது. கண்ணுக்கு ஒழுங்கற்றுத் தோன்றும் ராமானுஜனின் எண் பல்லாயிரம் விதமாகப் பங்கிட இடங்கொடுக்கும்.

இன்னும் ஒரு குணம். இந்த எண்ணை 1 முதல் 28 வரை உள்ள எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். 29இல் அது நின்றுவிடுகிறது. மற்றொன்று: இதற்கு அடுத்த எண், அதாவது இறுதியில் 801 என முடிவது, 2 முதல் 28 வரை எந்த எண்ணாலும் வகுபடாது, எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். பலருடனும் பழகும் ஒருவரின் அடுத்த வீட்டில், எவருடனும் சேராத ஒருவர் குடியிருப்பது போன்ற நிலை.

இனிப் பேச்சின் தலைப்பில் சொன்ன மற்றோர் எண்ணுக்கு வருகிறேன். ராமானுஜனின் அட்டவணையில் நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. கணிப்பொறி இல்லாத காலம். கையால் பெருக்கி, கையால் ஒப்பிட்டு, கையால் எழுதிய வரிசை. அந்த வரிசையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அந்த எண் 293318625600; இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

விடுபட்டது என்று எப்படிச் சொல்வது? பெரியோர் வாக்கை நம்ப வேண்டியதில்லை, நாமே சரிபார்க்கலாம். அட்டவணையில் 240940299600 என்ற எண் இருக்கிறது. அதற்கு 4800 வகுத்திகள். அதையடுத்து இருக்க நேர்ந்தது 321253732800, அதற்கு 5376. இவ்விரண்டும் அடுத்தடுத்து வருவன என்றால், இடையில் உள்ள எந்த எண்ணுக்கும் 4800க்கு மேல் வகுத்தி இருக்கக் கூடாது. ஆனால் 293318625600 இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அது ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், 11, 13, 17, 19 ஆகியவை பெருகியது. ஒன்று கூட்டிப் பெருக்கினால் ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பிறகு நான்கு இரண்டுகள், ஆக 5040. இது 4800ஐ மிஞ்சுகிறது. ஆகவே, அட்டவணையில் அவ்விடத்தில் ஓர் இடைவெளி உண்டு என்பது உறுதியாகிவிடுகிறது.

ஏன் விடுபட்டது என்பதற்கு அவர் எழுதிவைத்த காரணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த எண்ணின் அமைப்பை அதன் அயலாருடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். இருபுறமும் உள்ள எண்கள் ஏழை ஒருமுறை மட்டும் கொண்டு, 23 வரை ஏறிச் செல்பவை. விடுபட்ட எண்ணோ 23 வரை ஏறாமல் 19இல் நின்று, ஏழை இருமுறை கொண்டது. கோபுரத்தின் உயரத்தை ஒரு நிலை குறைத்து, அடியை அகலப்படுத்தியது போன்ற அமைப்பு. இன்னொரு விந்தை: விடுபட்ட இந்த எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். கிடைப்பது 6746328388800, அதாவது அட்டவணையின் இறுதி வரி! நடுவில் தவறிப்போன எண் கடைசி எண்ணுக்குள் குடிகொண்டிருக்கிறது.

இதைச் சொல்வதால் ராமானுஜனைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். விழாக்களில் அவர் படத்துக்கு மாலையிடுகிறோம். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினாள் என்ற செய்தியைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். சொல்லலாம், அவர் பக்தி உண்மையானது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், நூற்றுக்கு மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கி, ஒவ்வொன்றின் வகுத்திகளையும் கணக்கிட்டு எழுதிய உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அலுவலகங்களில் நெடும் பட்டியல்களைத் தயாரித்துப் பழகிய நம்மில் பலருக்கு, அத்தகைய பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் விடுபடுவது எவ்வளவு அரிய திறமை என்பது தெரியும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் தந்த விதிகளையே கையாள வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர் கொடுத்த அளவுகோலே அவர் அட்டவணையைத் திருத்துகிறது. ஓர் அறிவியல் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

கட்டுரையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்தது. 1915 முதல் உலகப் போர்க் காலம். லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு, ராமானுஜன் தாம் எழுதியதன் பிற்பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் பெட்டியில் உறங்கின. 1917இல் அவர் நோயுற்றார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில், 32 வயதில் மறைந்தார். விடப்பட்ட பகுதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

இங்கேதான் டெல்லிக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு ஏற்படுகிறது. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில், ராமானுஜனின் இறுதிக் காலத் தாள்களைக் கண்டெடுத்தார். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்ற பெயரால் அவை புகழ்பெற்றன. ராமானுஜனின் நூற்றாண்டை ஒட்டி, அத்தாள்களையும் வெளிவராத வேறு சில கையெழுத்துப் படிகளையும் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டது புதுடெல்லியின் நரோசா பதிப்பகம். மிகு பகு எண்களைப் பற்றிய கட்டுரையின் நிறுத்தப்பட்ட பகுதியும் அந்நூலில் இடம்பெற்றது. கும்பகோணத்து மனிதர் கேம்பிரிட்ஜில் எழுதியதை டெல்லியில் அச்சான நூலில், அவர் கையெழுத்திலேயே உலகம் படித்தது. பிறகு 1997இல் பிரெஞ்சு அறிஞர்களான நிக்கோலாவும் ராபினும் அப்பகுதியை விளக்கக் குறிப்புகளுடன் பதிப்பித்தனர். எழுதப்பட்டதற்கும் முறையாகப் பதிப்பிக்கப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 82 ஆண்டுகள்.

அந்தப் பகுதியில் என்ன இருந்தது என்பதை விரிவாகச் சொல்ல என் கல்வி போதாது. எனினும் ஒரு நுனியைக் காட்டலாம். அதற்கு 5040 என்ற எண்ணிடம் திரும்ப வேண்டும். விடுபட்ட எண்ணின் வகுத்திகள் 5040 என்று சொன்னேன். இந்த 5040 தானே ஒரு மிகு பகு எண். அதற்கு 60 வகுத்திகள். அந்த 60ம் மிகு பகு எண்ணே; அதற்குப் பன்னிரண்டு. பன்னிரண்டும் அவ்வாறே, அதற்கு ஆறு. கிரேக்க ஞானி பிளேட்டோ, 'சட்டங்கள்' என்ற நூலில், ஒரு நல்ல நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று வகுத்தார். நிலம் பங்கிடவும், வரி விதிக்கவும், படை திரட்டவும் பல விதமாக மீதியின்றிப் பிரிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம்.

இதே 5040 இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வடிவில் வந்தது. 1859இல் ஜெர்மானிய அறிஞர் ரீமன், பகா எண்கள் பரவிக் கிடக்கும் முறையைப் பற்றி ஒரு கருதுகோளை வெளியிட்டார். அது உண்மையா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஓர் எண்ணின் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு மேல்வரம்பு உண்டா என்ற கேள்வியை ராபின் ஆராய்ந்தார். 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்குமானால் ரீமன் கருதுகோள் உண்மை. ஓர் எண்ணாவது அதை மீறுமானால் அது பொய் என்று 1984இல் அவர் நிறுவினார். ரீமன் கருதுகோள் உண்மையெனக் கொண்டால் வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு தூரம் உயரக்கூடும் என்பதை, அச்சுச் செலவுக்காக நிறுத்தப்பட்ட அந்தப் பக்கங்களில், ராமானுஜன் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார்.

இவ்வாராய்ச்சி கணிதத்தின் பிரதான நீரோட்டத்திலிருந்து சற்று ஒதுங்கி நிற்பது என்பது அக்காலத்தில் ஹார்டியின் கருத்து. அதில் காணும் நுண்ணறிவைப் பற்றி அவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஒதுங்கி நின்ற அந்த வாய்க்கால் பிற்காலத்தில் பேராற்றின் நடுவிலேயே வந்து கலந்ததைத்தான் இப்போது பார்த்தோம். எது பயன்படும், எது பயன்படாது என்பதை அச்சுக்கூலியைக் கொண்டு அளக்க முடியாது.

நேயர்களே, சொந்த ஊரை விட்டு வந்த நாம், நம் குழந்தைகளுக்கு எதையெல்லாம் கொடுத்துச் செல்ல முடியும் என்ற கவலை நம்மில் பலருக்கு உண்டு. மொழி வேண்டும், பாட்டு வேண்டும், கோயில் வேண்டும் என்று பாடுபடுகிறோம். அவற்றுடன் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையை அருகில் உட்கார்த்தி, 293318625600 என்று எழுதி, தமிழில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கோடி, லட்சம், ஆயிரம் என்ற சொற்கள் நாவில் பழகட்டும். பிறகு இரண்டால் வகுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள், ஆறுமுறை போகும். மூன்றால் நான்குமுறை, ஐந்தால் இருமுறை, ஏழால் இருமுறை. அதன்பின் கையில் மிஞ்சுவது 46189. அதைப் பதினொன்றால் வகுத்தால் 4199; பதின்மூன்றால் 323; பதினேழால் 19. அரை மணி நேரத்து வேலை. ராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட எண்ணை ஒரு பள்ளிப் பிள்ளை முழுவதுமாகப் பிரித்துச் சரிபார்த்துவிட்டது என்று ஆகும். அந்தப் பிள்ளைக்கு அவர் அதன்பின் வெறும் படமாக இரார்.